அதே குப்பி மறுபடியும்

மார்ச் 4

மூக்கிக்கு,

போனைப் பாதியில வெட்டினே. திரும்பக் கூப்பிட்டா உன் வீட்டுக்காரர் எடுத்து, "அவ தூங்கறா"ங்கறார். பின்னாடி நீ பாத்திரம் உருட்டற சத்தம் எனக்குக் கேக்குது. தூக்கத்துல பாத்திரம் தேய்க்கிற வியாதி உனக்கு எப்போ வந்துச்சு? சரி, போன் வேண்டாம். எழுதறேன். கடிதத்தைக் கிழிச்சுப் போடலாம், ஆனா கிழிக்கறதுக்கு முன்னாடி படிச்சுடுவே. உன் குணம் எனக்குத் தெரியும்.

"உன் புரோகிராம் நாறுது"ன்னு சொன்னே. நாலு வருஷம் கண்ணு பூத்துப்போக உக்காந்து எழுதினது அது. அதை நாறுதுன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?

நிதானமா சொல்றேன், கேளு. உங்க ஊர் ஓரத்துல இருக்கிற எலும்பு, கொழுப்பு காய்ச்சற ஃபேக்டரி இன்னொரு கொப்பரை போடணும்ங்குது. நகர சபை, "உன் நாத்தம் எவ்வளவு தூரம் போகுதுன்னு முதல்ல காட்டு"ங்குது. அந்த வேலை நீ வேலை பாக்கிற லேபுக்கு வந்துச்சு. லேப் என் புரோகிராமை வாங்கிச்சு. இதுல யார் மேல உனக்குக் கோபம்?

நாத்தத்தைப் பத்தி ரெண்டு கணக்கு இருக்கு. ஒண்ணு வாசல் கணக்கு. காத்துல கலந்து கலந்து ஒரு அளவுக்குக் கீழே போனதும் எந்த மூக்குக்கும் வராது, கதவு சாத்தின மாதிரி. இன்னொண்ணு வால் கணக்கு. குறைஞ்சுக்கிட்டே போகும், ஆனா அறுந்து போகாது. வாசல் சரின்னா நாத்தம் வாய்க்கால் பாலத்தோட நின்னுடும். உன் தெரு பாலத்தைத் தாண்டி இருக்கு, தப்பிச்சுது. வால் சரின்னா ஃபேக்டரி மூட்டையைக் கட்டிட்டு ஊரைத் தாண்டிப் போகணும்.

எது சரின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? மத்தவங்க நூறு குப்பியை வரிசையா மோந்து பாக்கச் சொல்லி உயிரை வாங்குவாங்க. எனக்கு அதைப் பாத்தாலே எரிச்சல். ரெண்டு பேர் மேல சந்தேகம் இருக்கும்போது, ரெண்டு பேரும் ஒரே பதில் சொல்ற கேள்வியைக் கேட்டு என்ன பிரயோஜனம்? என் புரோகிராம் ஒவ்வொரு பதிலுக்கு அப்புறமும் எந்தக் கணக்கு மேல எவ்வளவு நம்பிக்கைன்னு திருத்திக்கும். அப்புறம், ரெண்டு கணக்கும் எந்தக் குப்பிக்கு அடிச்சுக்குமோ அந்தக் குப்பியை அடுத்ததா எடுக்கச் சொல்லும். பாதிக்குப் பாதியா ஆரம்பிச்சு, வாசல் பக்கம் நூத்துக்குத் தொண்ணூத்தேழுல வந்து நின்னுருக்கு. இது என் விருப்பம் இல்லை. உங்க லேப்ல உக்காந்த ஆறு மூக்கு சொன்ன சாட்சி.

உனக்கு இப்போ மசக்கை. மசக்கையில எல்லாம்தான் நாறும். நீ வயித்துல இருந்தப்போ அம்மாவுக்கு சோப்பு வாசனையே ஆகலை. பாவம் அப்பா, மூணு மாசம் வெறும் தண்ணியில குளிச்சார். அதனால உன் மூக்கை வெச்சு என் எண்ணைத் திட்டாதே.

உடம்பைப் பாத்துக்கோ. வெறும் வயித்தோட இருக்காதே.

கோபத்தோட இருக்கிற,
அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

கிழிக்கலை. ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை படிக்கும்போது வாந்தி வந்துச்சு. அதுக்கு உன் எழுத்து காரணமா, வெளியில வீசற காத்து காரணமான்னு உன் புரோகிராமைக் கேட்டுச் சொல்லு.

மசக்கையாம்! எங்க மேனேஜரும் அதையேதான் சொன்னான், அதே சிரிப்போட. அவனுக்கு நாங்க வெச்ச பேரு சிரிச்சமுகம். எழவு வீட்டுக்குப் போனாலும் பல்லு தெரியும். "உங்க மூக்கு இப்போ மூக்கு இல்லைம்மா, நீங்க பதில் குறிக்கிற வேலையைப் பாருங்க"ன்னு பேனாவைக் கையில குடுத்துட்டான். வேதியியல் படிச்சு, ஏழு வருஷம் அந்த ரூம்ல குப்பி கலந்தவ நான். இப்போ ஓரமா உக்காந்து "வருது", "வரலை"ன்னு கோடு கிழிக்கிறேன்.

நீ அந்த ரூமைப் பாத்ததில்லை. நான் சொல்றேன். ஜன்னல் இல்லாத ரூம், இரும்பு மேஜை, ஆறு நாற்காலி. ஃபேக்டரி புகைபோக்கியில பிடிச்ச காத்தைப் பையில கொண்டு வருவோம். சுத்தமான காத்து கலந்து, தடிப்பா ஒண்ணு, மெல்லிசா ஒண்ணுன்னு குப்பியில அடைப்போம். தடிப்புக் குப்பியைத் திறந்தா எப்படி இருக்கும் தெரியுமா? குளம்பு, ரோமம், ஈரத்தோல் எல்லாத்தையும் ஒண்ணா வேகவெச்சு, அது மேல யாரோ சர்க்கரையைக் கொட்டின மாதிரி இருக்கும். அந்தத் தித்திப்புதான் என்னைக் கொல்லுது. தொண்டையில ஒட்டிக்கிட்டு எச்சி முழுங்க முடியாது. மோப்பக்காரங்க கண்ணுல தண்ணியோட நிமிருவாங்க. உடனே மெல்லிசுக் குப்பி. "வரலை." மறுபடி இன்னொரு தடிப்பு. மறுபடி இன்னொரு மெல்லிசு. "வரலை." சிரிச்சமுகம் கம்ப்யூட்டர்ல எண்ணு ஏறறதைப் பாத்து, லாட்டரி விழுந்தவன் மாதிரி கையைத் தேச்சுக்கறான். எனக்குக் காறித் துப்பணும் போல இருக்கு.

வீட்டுக்கு வந்தா கொடியில காயற துண்டுல அதே தித்திப்பு. தலையணை உறையில, தண்ணிக் குடத்துல, இவர் சட்டைக் காலர்ல. இவர்கிட்ட சொன்னா, "எனக்கு ஒண்ணும் வரலையே"ங்கறார். பொறந்ததுலேர்ந்து இதே தெரு, எப்படி வரும்? கல்யாணம் ஆகி வந்த புதுசுல நானும் மூக்கைப் பொத்தினேன். கொஞ்ச நாள்ல மறந்துபோச்சு. வயித்துல இது வந்ததும் என் மூக்கு திரும்ப முழிச்சுக்கிச்சு. அதைப் போய் வியாதிங்கறே.

நம்பிக்கையைத் திருத்திக்கிட்டே போற உன் கணக்கு முறையைப் பேய்சியன், பேய்சியன்னு நீ பெருமை பேசறப்போ எல்லாம் நம்ம மாமா உன்னைப் பேய் ஓட்டறவன்னு நெனச்சுக்கிட்டிருந்தார். அதுவாவது ஓட்டியிருக்கலாம்.

நான் இங்கேதான் பிள்ளை பெத்து வளர்க்கணும். அதை மட்டும் மறந்துடாதே.

உன் எண்ணுல சேராத,
மூக்கி


மார்ச் 13

மூக்கி,

மாமா இன்னும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கார். போன மாசம்கூட ஒரு தாயத்து கேட்டார்.

உன் கடிதத்துல ஒரு இடத்துல நின்னுட்டேன். தடிப்பு, உடனே மெல்லிசு, மறுபடி தடிப்பு, உடனே மெல்லிசுன்னு எழுதியிருக்கே. "உடனே"ன்னா என்ன? நடுவுல எவ்வளவு நேரம் விடறீங்க? வெளிக்காத்து வாங்க அனுப்பறீங்களா? ஓய்வு குடுக்கணும்னு புரோகிராமோட அனுப்பின குறிப்புல நான் எழுதியிருக்கேன். எழுதியிருக்கேன்னுதான் நினைக்கிறேன்.

என் புரோகிராம் அந்த ரெண்டு கோடிக்கும் தாவறது இயல்புதான். ரெண்டு கணக்கும் அடிச்சுக்கறது அங்கேதான். நடுவுல ரெண்டும் ஒத்துப்போகும், அதனால நடுவுல கேக்காது. கேட்ட குப்பியையே திரும்பவும் கேக்காது, அதுக்கு அது வீண் வேலை. இதையெல்லாம் மேடையில பெருமையா சொல்லிக் கைத்தட்டு வாங்கினவ நான்.

ஆனா மூக்கு சோர்ந்து போகும்னு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு குப்பிக்கும் புது மூக்கு வருதுன்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு.

இருக்காது. ஆறு பேருக்கும் ஒரே மாதிரி சோர்வு வராது. நீ கோபத்துல பெருசாக்கறேன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். இருந்தாலும் ஒரு உதவி. நடுத்தரமா ஒரு குப்பி எடு. மோப்பக்காரங்க காலையில வந்ததும் முதல்ல அதைக் குடு. அப்புறம் ஒரு தடிப்பு. அதுக்கு அப்புறம் அதே குப்பியை, அதேன்னு சொல்லாம, மறுபடியும் குடு. ரெண்டு தடவையும் பதில் ஒண்ணா இருந்தா நீ என்கிட்ட மன்னிப்பு கேக்கணும். போன்ல.

அக்கா


மார்ச் 19

அக்கா,

நான் மன்னிப்பு கேக்கப் போறதில்லை.

சிரிச்சமுகம் வர்றதுக்கு முன்னாடியே செஞ்சேன். முதல் தடவை நடுத்தரக் குப்பியைக் குடுத்ததும் அஞ்சு பேர் முகத்தைச் சுளிச்சாங்க. ஒரு அம்மா, "காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டீங்களா"ன்னு திட்டினாங்க. அப்புறம் தடிப்பு. அப்புறம் அதே குப்பி. ஒருத்தருக்கும் வரலை. முதல்ல திட்டின அதே அம்மா மூக்கை நல்லா உள்ளே விட்டு இழுத்துட்டு, "இது வெறும் குப்பிம்மா, அடைக்க மறந்துட்டே"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். இது மசக்கை வாந்தி இல்லை.

வாயைக் கழுவிட்டு நிமிர்ந்தா வாசப்படியில சிரிச்சமுகம். எவ்வளவு நேரமா நின்னான்னு தெரியலை. திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா பரவாயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, தங்கச்சிகிட்ட பேசற மாதிரி பேசினான். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? முதல் வாரம் நல்லா ஓய்வு விட்டுத்தான் செஞ்சோம். எண்ணு வால் பக்கம் போச்சு. அப்புறம் ஓய்வைக் குறைச்சேன், வாசல் பக்கம் வந்துச்சு. ஓய்வு எவ்வளவுன்னு உங்க அக்கா புரோகிராம் கேக்கவே இல்லையே! கேக்காததை நான் ஏன் சொல்லணும்?"

முதல் வாரத்துப் பதிலை என்ன பண்ணினீங்கன்னு கேட்டேன். "ஒத்திகைன்னு தள்ளிட்டோம்"னான். அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா? "அறிக்கையோட முதல் பக்கத்துல உங்க அக்கா பேருதான் இருக்கு. குடும்பப் பெருமை. நீங்களே கெடுத்துக்காதீங்க." சொல்லிட்டு மேஜையில பிஸ்கட் பாக்கெட்டை வெச்சுட்டுப் போனான், "வெறும் வயித்தோட இருக்காதீங்க"ன்னு. நீ எழுதினதையே சொல்றான், அக்கா! அந்த பாக்கெட்டைத் தொடவே அருவருப்பா இருந்துச்சு. குச்சியால தள்ளிக் குப்பையில போட்டேன்.

இனிமே எனக்கு அந்த ரூமுக்குள்ள அனுமதி இல்லை. பின்கட்டுல குப்பி கழுவறேன். இவர்கிட்ட சொன்னதுக்கு, "ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு வேண்டாம், பிரசவம் முடியற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு"ங்கறார்.

நகர சபை ஏப்ரல் பத்தாம் தேதி கூடுது. ஏதாவது செய். நீதானே எழுதினே?

மூக்கி


மார்ச் 24

மூக்கிக்கு,

முதல்ல இதைச் சொல்லிடறேன். நீ சொன்னது சரி. நாறுது.

குறிப்பைத் தேடிப் பாத்தேன். ஓய்வுன்னு ஒரு வரி இருக்கு, "தேவையான அளவு"ன்னு. தேவையான அளவாம்! வெங்காயம் வதக்கற பக்குவம் மாதிரி எழுதி வெச்சிருக்கேன்.

லேபுக்கு எழுதினேன், என் பேரை எடுங்கன்னு. மறுநாளே பதில் வந்துச்சு, ரொம்ப மரியாதையா. பேரை எடுத்துடறாங்களாம். முதல் வாரத்துப் பதிலையும் கேட்டிருந்தேன், அழிச்சாச்சாம். புரோகிராம் விலை குடுத்து வாங்கினதாம், அதனால எண்ணு எண்ணாவே இருக்குமாம். எங்க காலேஜ் துறைத் தலைவர்கிட்ட போனேன். அவர், "தொண்ணூத்தேழு வந்திருக்கு, அதைப் போய் யாராவது கெடுத்துப்பாங்களா? இதை வெச்சு நீ எழுதின கட்டுரை அச்சுக்குப் போயாச்சு"ன்னார். நீங்க ஒரு தடவை அந்தக் குப்பியை மோந்து பாருங்கன்னு சொன்னேன். எனக்கு ஜலதோஷம்ங்கறார். இத்தனை வருஷம் இந்த ஆளுக்கு எழுந்து நின்னு வணக்கம் சொல்லியிருக்கேன்.

அப்புறம் உக்காந்து, மூணாவதா ஒரு கணக்கைச் சேர்த்தேன். வால் இருக்கு, ஆனா தடிப்புக்கு அடுத்தாப்ல மூக்கு மரத்துப்போகும். அதே பதில்களை மறுபடி ஓட்டினேன். தொண்ணூத்தேழு காத்துல பறந்துபோச்சு. இப்போ வாசலும் இந்தப் புதுக் கணக்கும் பாதிக்குப் பாதி. ஏன்னா ஒவ்வொரு மெல்லிசுக் குப்பியும் ஒரு தடிப்புக்கு அப்புறம்தான் வந்திருக்கு. நாத்தம் நிஜமாவே இல்லையா, இல்லை மூக்கு செத்துக் கிடந்துச்சான்னு அந்தப் பதில்ல இருந்து சாமியே வந்தாலும் சொல்ல முடியாது. உன் நடுத்தரக் குப்பி, மூக்கு மரத்துப்போகும்னு காட்டிடுச்சு. ஆனா உன் தெருவரைக்கும் வர்ற மெல்லிசு நாத்தத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கு மெல்லிசையே கேக்கச் சொல்லியிருக்கணும். புத்தி எங்கே போச்சோ.

ஆக, சபைக்கு நான் நேர்மையா எழுதினா "தெரியாது"ன்னுதான் எழுத முடியும்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

தெரியாதா?

ஃபேக்டரிக்காரன் தொண்ணூத்தேழோட வருவான். நான் "தெரியாது"ங்கற காகிதத்தைத் தூக்கிட்டுப் போகணுமா? தெரியாதுன்னா தடை இல்லைன்னு அர்த்தம் பண்ணிப்பாங்க. உனக்கு அங்கே மேஜை, மின்விசிறி, பெருமூச்சு. எனக்கு இங்கே கொடியில நாறற துண்டு.

உன் கையிலதானே இருக்கு? ஆரம்பிக்கும்போது பாதிக்குப் பாதின்னு வெக்கிற நம்பிக்கையை, வால் பக்கம் கொஞ்சம் சாய்ச்சு வெச்சு ஆரம்பி. எங்களுக்கும் ஒரு தொண்ணூத்தேழு வரும். அவன் செஞ்சதைத்தானே செய்யச் சொல்றேன்? முள்ளை முள்ளாலதான் எடுக்கணும். உன் தங்கச்சிக்காக ஒரு எண்ணை மாத்த மாட்டியா?

மூக்கி


மார்ச் 31

மூக்கி,

மாத்த மாட்டேன்.

அடிக்க வராதே, முழுசாப் படி. நீ கேட்டதும் செஞ்சு பாத்தேன். ரெண்டு நிமிஷ வேலை. தொண்ணூத்தேழு என்ன, தொண்ணூத்தொன்பதே வந்துச்சு. அந்தத் திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சிரிச்சமுகமும் இப்படித்தானே கையைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்னு தோணுச்சு. எழுந்து போய்க் கையைக் கழுவிட்டு வந்தேன். அவன் எச்சில் பண்ணின தட்டுல நான் சாப்பிட மாட்டேன், உனக்கும் பரிமாற மாட்டேன்.

ஆனா சும்மா கையைக் கட்டிக்கிட்டு நிக்கவும் போறதில்லை. மூணு கணக்கையும் புரோகிராமுக்குக் குடுத்து, புது மூக்கு அஞ்சாறுதான் இருக்கு, ஒரே ஒரு சந்தர்ப்பம்தான், என்ன கேக்கலாம்னு கேட்டேன். அது சொன்னதை எழுதறேன்.

சபை உறுப்பினர்கள் எல்லாரும் ஊரோட அந்தக் கோடியில, காத்து எதிர்ப்பக்கம் அடிக்கிற மேட்டுல இருக்கிறவங்கன்னு நீதான் சொல்லியிருக்கே. அவங்க மூக்குதான் புது மூக்கு. அன்னைக்குக் காலையில உன் கொடிக்கயிறு பக்கத்துல ரெண்டு குப்பி காத்து பிடி. ஃபேக்டரி மதில் ஓரமா ஒண்ணு பிடி. ஊருக்கு வெளியே சுத்தமான காத்து ஒண்ணு. ஊர்க்காரங்க பேச அஞ்சு நிமிஷம் தருவாங்க இல்லையா? பேசாதே. குப்பியைக் குடு. முதல்ல சுத்தக் காத்து, இல்லாத நாத்தத்தை யாராவது இருக்குன்னு சொல்றாங்களான்னு பாக்க. அப்புறம் உன் வீட்டுக் காத்து. வாசல் கணக்கு சரின்னா, அவங்களுக்கு ஒண்ணும் வராது. நீ தோத்தே, ஒத்துக்கணும். வந்துச்சுன்னா வாசல் செத்துச்சு. அப்புறம் மதில் காத்து. அப்புறம் மறுபடியும் உன் வீட்டுக் காத்து.

நான் வரலை. அக்கா தங்கச்சின்னு தெரிஞ்சா, குடும்பமே சேர்ந்து நாடகம் போடுதுன்னு பேச்சை மாத்திடுவாங்க. குப்பியை எங்கே பிடிச்சதுன்னு கடைசி வரைக்கும் சொல்லாதே. தடுமாறாதே.

தொண்டையில உயிரை வெச்சுக்கிட்டிருக்கிற,
அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

நீ சொன்னபடியே செஞ்சேன். ஒரு எழுத்து பிசகாம.

சபை ரூம்ல மெத்தை வெச்ச நாற்காலி, மேஜை நடுவுல பிளாஸ்டிக் பூ. சிரிச்சமுகம் படம் போட்டுக் காட்டி, தொண்ணூத்தேழைப் பெருசா சிவப்புல காட்டினான். அப்புறம் என் முறை. என் வயித்தைப் பாத்துட்டு ஒருத்தர் நாற்காலி குடுத்தார். நான் உக்காரலை. முதல் குப்பி, சுத்தக் காத்து. யாருக்கும் வரலை. ரெண்டாவது, என் கொடிக்கயிறு. தலைவர் மோந்த உடனே தலையைப் பின்னாடி இழுத்துக்கிட்டார். "சீ, என்னம்மா இது, எதையாவது சாகடிச்சு அடைச்சியா?" பக்கத்துல இருந்த அம்மா முந்தானையை மூக்குல வெச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் வந்துச்சு. அக்கா, எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரு மாசமா நான் பைத்தியம் இல்லைன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு காத்துக்கிட்டிருந்தேன்.

மூணாவது, மதில். ரெண்டு பேர் ஜன்னலுக்கு ஓடினாங்க. நாலாவதைக் குடுத்தேன். தலைவர் இழுத்து இழுத்து மோந்துட்டு, "இது சுத்தமா இருக்கு, இது எங்கே பிடிச்சது?"ன்னார். "ரெண்டாவது குப்பி பிடிச்ச அதே இடத்துல. ரெண்டும் என் வீட்டுக் கொடிக்கயிறு பக்கத்துல பிடிச்சது. பாலத்துக்கு இந்தப் பக்கம்"னேன்.

சிரிச்சமுகம் முகத்துல முதல் தடவையா சிரிப்பு இல்லை. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்.

தலைவர் முட்டாள் இல்லை, அக்கா. நல்லா யோசிச்சார். என் குப்பி ரெண்டையும் கையில எடுத்து மாத்தி மாத்திப் பாத்தார். எல்லாம் புரிஞ்சுது அவருக்கு. புரிஞ்சு, மெதுவா கேட்டார். "அப்போ, நாத்தம் வருது. ஆனா அதுலயே இருந்தா மூக்குக்குத் தெரியாமப் போயிடுது. அதைத்தானேம்மா காட்டினே?" ஆமான்னேன். "அப்போ குடியிருக்கிறவங்களுக்குப் பழகிடும். புதுசா வர்றவங்களுக்குக் கொஞ்ச நாள் கஷ்டம், அவ்வளவுதானே?"

சிரிச்சமுகம் முகத்துல பல்லு திரும்ப வந்துச்சு. முந்தானையில மூக்கைப் பொத்தின அந்த அம்மாதான் முதல்ல கை தூக்கினாங்க. எல்லாரும் தூக்கினாங்க. ரெண்டாவது கொப்பரைக்கு அனுமதி. என் நாலு குப்பியையும் அறிக்கைக்குப் பின்னால சேர்த்துட்டாங்க, "குடியிருப்போருக்குப் பாதிப்பு நீடிக்காது என்பதற்கான செய்முறைச் சான்று"ன்னு. கீழே என் பேர்.

வெளியில வந்து படியிலேயே வாந்தி எடுத்தேன். காவல்காரர் மண்ணைப் போட்டு மூடினார்.

மூக்கி


ஏப்ரல் 16

என் செல்ல மூக்கிக்கு,

உன் கடிதத்தைப் படிச்ச கையோட பதில் எழுத உக்காந்தேன். எழுதினது எல்லாம் கெட்ட வார்த்தையா வந்துச்சு. அடிச்சு அடிச்சு நாலு காகிதம் போச்சு.

நாம கேட்ட கேள்விக்கு சரியான பதில் வந்துச்சு. இவ்வளவு சரியா இதுக்கு முன்னாடி எனக்கு வந்ததே இல்லை. அந்தப் பதிலை வெச்சு என்ன செய்வாங்கன்னு எந்தக் கணக்குலயும் நான் சேர்க்கலை. த்தூ. மனுஷங்களா இவங்க?

கட்டுரையைத் திரும்ப வாங்கிட்டேன். துறைத் தலைவர் என்கூடப் பேசறதில்லை, அது ஒரு நிம்மதி. நீ கிளம்பி இங்கே வந்துடு. பிரசவம் இங்கேயே ஆகட்டும். ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன். உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. வரமாட்டேன்னா நீ மட்டும் வா. பதில் போடு.

அக்கா


அக்டோபர் 20

அக்கா,

ஆறு மாசமா பதில் போடலைன்னு திட்டி இருப்பே. உன் கடிதம் எல்லாம் வந்துச்சு. இவருக்கு இங்கேதான் வேலை, வீடு சொந்த வீடு, நினைச்ச உடனே பெயர்த்துக்கிட்டு வர முடியுமா? எழுதினா உன்கிட்ட கத்துவேன்னு எழுதலை.

பெண் குழந்தை. உன்னை மாதிரி நெத்தி, எல்லாத்தையும் முறைச்சுப் பாக்குது. நல்லா இருக்கு. நானும் நல்லா இருக்கேன்.

புதுக் கொப்பரை ஆடியிலேர்ந்து ஓடுது. முதல்ல நாள் பூரா தலைவலி, சாப்பாடு இறங்காது. ஜன்னலை எல்லாம் அடைச்சு, ஈரத்துணி செருகி வெச்சேன். பிரசவம் ஆகி வீட்டுக்கு வந்த அப்புறம் தலைவலி குறைஞ்சுது. சாப்பாடு இறங்குச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க, "உடம்பு தேறிடுச்சு"ன்னாங்க.

இன்னைக்குக் காலையில குழந்தையோட துணியை எல்லாம் துவைச்சுக் கொடியில போட்டேன். வெயில் நல்லா இருந்துச்சு. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே போட்டேன். பாதி போட்டதும்தான் உறைச்சுது. அந்தத் தித்திப்பு இல்லை. துண்டை எடுத்து மூக்குல அழுத்தி இழுத்தேன். ஒண்ணும் இல்லை. தலையணை, குடம், இவர் சட்டை எல்லாத்தையும் மோந்தேன். ஃபேக்டரி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, புகை கண்ணுக்குத் தெரியுது. எனக்கு வரலை, அக்கா.

உள்ளே ஓடி குழந்தையைத் தூக்கி உச்சந்தலையை மோந்தேன். பச்சைக் குழந்தைக்கு ஒரு வாசனை இருக்குமே, அது இருந்துச்சு. அது மட்டும்தான் இருந்துச்சா? எனக்குத் தெரியலை. என் குழந்தை தலையில அந்தக் கொப்பரை நாத்தம் இருக்கா இல்லையான்னு பெத்தவ எனக்குத் தெரியலை. இவரைக் கேட்டேன். "ஒண்ணும் வரலையே"ங்கறார். இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாங்க.

நீ வா. வந்து குழந்தையைத் தூக்கி, மோந்து பாத்து, உள்ளதைச் சொல்லு. எனக்காக எதையும் மாத்திச் சொல்லாதே. சந்தையோரமா சுத்திக்கிட்டு வராதே, வழியில எங்கேயும் டீக்குன்னு நிக்காதே. வண்டியை விட்டு இறங்கினதும் மூக்கைத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டு நேரா வீட்டுக்கு வா. குழந்தை உன் கைக்கு வர்ற வரைக்கும் அவுக்காதே.

மூக்கி